டைரிக்குப் பொட்டு வைத்த சனிக்கிழமை

நேற்றுக் கரையான்சாவடி சிக்னலில் நின்றிருந்தேன். மெட்ரோ தூண்கள் வந்த பிறகு அந்த இடத்தில் நிழல் இருக்கிறது, நகர்வதுதான் இல்லை. எனக்கு முன்னால் ஒரு ஆட்டோ. அதன் முதுகில் பெரிய மஞ்சள் எழுத்துகளில் ‘காட்ஸ் கிஃப்ட்’ என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தார்கள். கடவுளின் பரிசு. எழுத்தெல்லாம் பத்திரமாக இருந்தன. கடவுளுக்கும் எஸ்ஸுக்கும் நடுவே தலைக்கு மேல் மிதக்கவேண்டிய அந்தச் சின்ன வால் மட்டும் உரிந்து விழுந்துவிட்டிருந்தது. அது இருந்த இடத்தில் பசை அழுக்குப் பிடித்துக் கிடந்தது. அதைப் பார்த்ததும் என் கை தானாக நெற்றிக்குப் போய், பொட்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கியது. பக்கத்தில் ஸ்கூட்டியில் இருந்த பெண், நான் ஆட்டோவைப் பார்த்துச் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். அவளும் ஒரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. அந்த வாலுக்கும் என் நெற்றிக்கும் பழைய உறவு. ஆங்கிலத்தில் அதற்கு அப்பாஸ்ட்ரஃபி என்று பெயர். அந்தப் பெயரை நாக்குத் தடுக்காமல் சொல்லவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இந்தப் பொருள் இன்னாருடையது என்று சொல்ல நமக்கு ‘உடைய’ என்று முழுசாக ஒன்று வேண்டியிருக்கிறது. வெள்ளைக்காரர்கள் ஒரு கமாவைத் தூக்கிப் பரணில் போட்டு, பக்கத்தில் ஒரு எஸ்ஸைக் காவலுக்கு உட்காரவைத்து வேலையை முடித்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மிக உறுதியாகத் தெரிந்தது அதுதான். உண்மையைச் சொன்னால், ரொம்ப நாள்வரை உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை. நான் வேப்பம்பட்டில் ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண். அங்கே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் சட்டையை மேசையில் விரித்து, பிசிறு நூலையெல்லாம் சின்னக் கத்தரியால் வெட்டி, காலர், கை, பட்டன், லேபிள் எல்லாம் சரியா என்று பார்த்து அடுத்த மேசைக்குத் தள்ளவேண்டும். புதுத் துணியின் கஞ்சி வாசனையும் மெஷின் எண்ணெயும் கலந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கும் தீபாவளிக்குத் துணிக்கடைக்குப் போனால் எனக்கு முதலில் முதுகு வலிக்கும், பிறகுதான் புடவை கண்ணில் படும். அப்போது தபால் வழியில் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். ரயிலில் புத்தகத்தை விரிப்பேன், பட்டாபிராம் வருவதற்குள் தூங்கிவிடுவேன். மூன்று வருடமும் அப்படித்தான் படித்தேன். எப்படியோ பாஸும் செய்துவிட்டேன். ஷேக்ஸ்பியர் என்ன சொன்னார் என்று கேட்டால், திருநின்றவூர் வரைக்கும் என்ன சொன்னார் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் ஒரு லாட் சட்டை முழுக்கத் திரும்பி வந்தது. தையலில் குறையில்லை. கழுத்து லேபிளில் ‘மென்ஸ்’ என்று அச்சடித்த இடத்தில் அந்த வாலைக் காணோம். வாங்குகிறவன் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு வேண்டாம் என்றுவிட்டான். மூன்று நாள் வேறு வேலை இல்லை, லேபிளைப் பிரித்துப் பிரித்துப் புது லேபிள் தைக்கக் கொடுத்தோம். சூப்பர்வைசர் அக்கா மேசை மேசையாக வந்து பழைய லேபிளையும் புது லேபிளையும் எங்கள் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள்.

“நல்லா பாத்துக்கோங்கடி. இந்தத் துக்குணூண்டு இல்லாததுக்குத்தான் கப்பல் நிக்குது.”

கப்பலை நிறுத்துகிற ஒரு பொருளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மரியாதை வந்துவிட்டது. மென், சில்ட்ரன் என்றால் எஸ்ஸுக்கு முன்னால். லேடீஸ், பாய்ஸ் என்றால் எஸ்ஸுக்குப் பின்னால். ஏன் என்று கேட்டால் தெரியாது, லேபிளில் அப்படித்தான் இருந்தது. அதன்பிறகு பேருந்தில் போகும்போது கடைப் போர்டுகளில் கண் தானாக அதைத் தேடும். அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடிவரை எத்தனை டெய்லர்கள், எத்தனை சலூன்கள், ஒருத்தரும் கப்பலைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பட்டம் கைக்கு வந்தபோது, ஆவடி ஸ்டேஷன் சுவரில் ஒரு துண்டு நோட்டீஸ் பார்த்தேன். பூந்தமல்லி போகிற வழியில் ஒரு நர்சரி பள்ளிக்கு இங்கிலீஷ் மிஸ் தேவை. பள்ளியின் பெயரைச் சொல்லமாட்டேன். ‘சில்ட்ரன்ஸ்’ என்று ஆரம்பிக்கும், உங்களுக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். நடத்தியவர் தணிகாசலம் சார். ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வந்து பள்ளி ஆரம்பித்தவர். ஸ்டோர்ஸ்தான் அவரை விடவில்லை. பெஞ்சுக்கு நம்பர், டம்ளருக்கு நம்பர், சாக்பீஸ் டப்பாவுக்குச் சீட்டு. அவர் உட்காரும் நாற்காலியின் முதுகில் ‘நாற்காலி, தாளாளர், ஒன்று’ என்று எழுதி ஒட்டியிருந்தது.

“பொருளும் பேரும் ஒண்ணா இருக்கணும்மா,” என்பார். “ரேக்குல ஒரு பேரு, லெட்ஜர்ல ஒரு பேருன்னா அது ரெண்டு ஐட்டம். ஆடிட்ல வந்து கழுத்த புடிப்பான்.”

நேர்காணலில் அவர் என் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஆங்கில மிஸ்ஸிடம் ஆங்கிலத்தில் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். என் தொண்டைக்குள் ‘மை நேம் ஈஸ்’ தயாராக வந்து நின்றிருந்தது, அதற்குப் பின்னால் யாருமில்லை. தாங்கமுடியாமல் நான்தான் வாயைத் திறந்தேன்.

“சார், வெளிய போர்டுல ஒண்ணு விட்டுப்போயிருக்கு.”

வெளியே கூட்டிக்கொண்டுபோய்ச் சில்ட்ரனுக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

“இத்தினி வருசத்துல ஒருத்தரும் சொல்லலயேம்மா. சரி, பெயின்டர அப்பால பாத்துக்கலாம். நீ நாளைக்கு வந்துடு.” பிறகு நிபந்தனையும் சொன்னார். “இப்போ டெம்பரவரிதான். ஸ்கூலுக்கு அங்கீகாரம் ரினீவல் வரப்போவுது. அது கெடச்சுதுன்னா உன்ன பர்மனென்ட் பண்ணி ஆர்டர் குடுக்குறேன். கெடைக்கலன்னா ஸ்கூலே கெடயாது.”

அந்த ஆர்டர் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். எஸ்டேட்டில் என்னை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. ‘ஏய், நாலாவது டேபிள்’ என்பார்கள். இங்கே முதல் நாளே ஒரு யு.கே.ஜி. பையன் மூக்கு ஒழுக என் முன்னால் வந்து நின்று, “மிஸ், ஒண்ணுக்கு,” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் பாவம், அதற்குள் அவசரப்பட்டுவிட்டான். நான் தமிழ் மீடியத்தில் படித்தவள் என்றோ, போன மாதம்வரை நூல் வெட்டிக்கொண்டிருந்தேன் என்றோ அங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் ஆர்டர் போய்விடும், மறுபடி நாலாவது டேபிள்தான் என்று பயம். கணக்கு மிஸ் நூர்ஜஹானிடம்கூடச் சொல்லவில்லை. அவள் பூந்தமல்லிக்காரி. மத்தியானச் சாப்பாட்டை இருவரும் ஒரே டப்பா மூடியில் போட்டுச் சாப்பிடுவோம், அவ்வளவு சிநேகம். இருந்தும் சொல்லவில்லை.

போர்டு விஷயம் பரவி எனக்கு ஒரு புகழ் வந்துவிட்டது. பெற்றோர்கள் கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு நோட்டீஸ் எல்லாம் என்னிடம் நீட்டுவார்கள். “மிஸ், அந்த மேல் கமா எங்க வரும்?” நான் நெற்றியைச் சுருக்கி ஒரு நிமிடம் யோசிப்பதுபோல் நிற்பேன். பிறகு டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவதுபோல் ஒரு புள்ளி வைத்து, கீழே வால் இழுத்துக் கொடுப்பேன். மற்ற ஆங்கிலம் எதையும் யாரும் கேட்டதில்லை. நல்லவேளை.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை ஆய்வுக்கு அதிகாரி அம்மா ஒருவர் வருகிறார். தணிகாசலம் சார் பழைய அங்கீகார ஆணையை எடுத்துப் படித்திருக்கிறார். ஆணை என்றால் அசல் இல்லை. அசலை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார், வெளியே எடுத்தால் வெளிச்சம் பட்டு மங்கிவிடுமாம். எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ்தான், அதிலும் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். அதைத் தூக்கிக்கொண்டு நடுப் பாடவேளையில் என் வகுப்புக்கே வந்துவிட்டார்.

“இன்னாமா இது, பாரு. நீ அன்னிக்கு போர்டுல இல்லன்னு சொன்னியே, அதானா இது?”

பார்த்தேன். பள்ளியின் பெயரில், சில்ட்ரனுக்கும் எஸ்ஸுக்கும் நடுவில், மேலே, கருகருவென்று இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“ஆமா சார். கவர்மென்ட்டே கரெக்டா போட்டிருக்கு.”

அவர் ஒண்ணாம் வகுப்புப் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்துவிட்டன. “அப்போ ஆர்டர்ல ஒரு ஐட்டம். போர்டுல ஒரு ஐட்டம். டைரி பூரா அதே தப்பு ஐட்டம். அந்தம்மா வந்து, இந்தப் பேருல ஸ்கூலே கெடயாதேன்னா நான் இன்னா பண்ணுவேன்?”

டைரிகள்தான் பெரிய தலைவலி. இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகள், ஆளுக்கொரு டைரி, பளபளப்பான பிளாஸ்டிக் அட்டையில் தங்க எழுத்தில் பள்ளியின் பெயர். புதிதாக அடிக்க நாளில்லை. பேனாவால் வால் போட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் மை நிற்கவில்லை, விரல் பட்டதும் வால் மீசையாகிவிட்டது. ஸ்கெட்ச் பேனா, நெயில் பாலீஷ் எதுவும் சரிப்படவில்லை. மத்தியானம் ஆபீஸ் அறையில் சார், நூர்ஜஹான், நான் மூவரும் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் டைரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நூர்ஜஹான் மட்டும் டைரியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

“மிஸ், ஆடாத.”

“ஏன், என்னா?”

“ஆடாதன்றேன்ல.”

கையை நீட்டி என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்தாள். அப்போது நான் கறுப்பில் நீளப் பொட்டு வைப்பேன், மேலே கூர், கீழே உருண்டை. அதைத் தலைகீழாகத் திருப்பி டைரியின் மேல், எஸ்ஸுக்கு முன்னால் வைத்து அழுத்தினாள். மூவரும் தள்ளி நின்று பார்த்தோம். அச்சகத்தில் போட்டதுபோல் அப்படியே உட்கார்ந்திருந்தது. தணிகாசலம் சார் டைரியைக் குலுக்கிப் பார்த்தார், விழவில்லை.

“இதாம்மா ஐட்டம்,” என்றார்.

மறுநாள் சாயங்காலம் நூர்ஜஹானும் நானும் கரையான்சாவடிக்குப் போனோம். மெயின் ரோட்டில் அவளுடைய சாச்சாவின், அதாவது சித்தப்பாவின், ஃபேன்சி ஸ்டோர். வளையல், ரிப்பன், சென்ட்டு எல்லாம் சேர்ந்து கடைக்குள் நுழைந்தாலே தும்மல் வரும். நூர்ஜஹான் போய் நின்று, கறுப்பு நீளப் பொட்டு அட்டை வேண்டும் என்றாள். சாச்சா வெறும் நெற்றியோடு இருந்த அண்ணன் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சமாதானமானார்.

“எத்தினி அட்டை?”

“இருக்கறது எல்லாம் குடு சாச்சா.”

சாச்சாவின் முகம் மாறியது. “இன்னா நூரு, எதிர்ல கட கிட போடப் போறியா?”

“இல்ல சாச்சா, டைரிக்கு வெக்கணும்.”

“எதுக்கு?”

“டைரிக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். “படிச்சவங்க, வெச்சிக்கங்க,” என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆனாலும் நாங்கள் பேருந்து நிறுத்தம் போகும்வரை கடை வாசலில் நின்று, எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கறுப்பு போதவில்லை. யு.கே.ஜி.க்கு மட்டும் மெரூன் நிறத்தில் கல் வைத்தது வாங்கவேண்டியதாயிற்று.

சனிக்கிழமை முழுக்க, பிள்ளைகளிடம் வாங்கிவைத்த டைரிகளுக்குப் பொட்டு வைத்தோம். நான் உரிக்க, அவள் ஒட்ட, தணிகாசலம் சார் அடிக்குச்சி வைத்து அளந்து, தள்ளிப்போனதைத் திருப்பி அனுப்பினார். எனக்கு மறுபடி செக்கிங் டேபிளில் உட்கார்ந்ததுபோலவே இருந்தது, நூர்ஜஹானிடம் சொல்லமுடியவில்லை. கல் வைத்த மெரூனைப் பார்த்துச் சார் சங்கடப்பட்டார். கலர் மாறினால் ஐட்டம் மாறும் என்றார். “சார், யு.கே.ஜி. புள்ளைங்களுக்குக் கொஞ்சம் பளபளன்னு இருந்தாத்தான் நல்லா இருக்கும்,” என்று நூர்ஜஹான் சமாளித்தாள்.

போர்டுக்குப் பொட்டு போதாது. வாட்ச்மேன் ஏகாம்பரம் எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கும் கறுப்பு டேப்பை வால் வடிவத்தில் வெட்டி எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

“எங்க சார் ஒட்டணும் இத்த?”

“எஸ்ஸுக்கு முன்னால.”

“எஸ்ஸுன்னா எது சார்?”

“பாம்பு மாரி கீதே, அதான்.”

ஏகாம்பரம் பாம்பைக் கண்டுபிடித்து, அதன் தலைக்குப் பக்கத்தில் ஒட்டினார். இறங்கி வந்து பார்த்துவிட்டு, “கொசு குந்திகினு கீற மாரி கீது சார்,” என்றார். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் மூவருக்கும் அது அவ்வளவு பெரிய விஷயமாகிவிட்டிருந்தது.

திங்கட்கிழமை காலை டைரிகளைக் கொடுத்து, பிரேயருக்கு வரிசையாக நிறுத்தினோம். நான் ஆபீஸ் வாசலில் நின்று, அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டால் சொல்வதற்காக நான்கு வாக்கியங்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். இன்று சாயங்காலம் என் ஆர்டர் கையில் இருக்கும், அல்லது நாளைக் காலை அம்பத்தூர் வண்டியில் இருப்பேன். அதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. நீராருங் கடலுடுத்த முடிந்தது. கண் திறந்து பிள்ளைகளைப் பார்த்தேன்.

எல்லோர் நெற்றியிலும் பொட்டு.

குழந்தைகளின் கையில் ஒரு ஸ்டிக்கரைக் கொடுத்தால் என்ன செய்யும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம், மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெண் பிள்ளை, ஆண் பிள்ளை வித்தியாசமில்லாமல் டைரியிலிருந்து உரித்து நெற்றியில் வைத்துக்கொண்டுவிட்டார்கள். யு.கே.ஜி. வரிசை மட்டும் வெயிலில் மின்னியது. ரஹீம் என்ற இரண்டாம் வகுப்புப் பையன் மட்டும் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு, அவ்வப்போது மணி பார்த்துக்கொண்டிருந்தான். டைரிகள் மூளியாக இருந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் கேட்டைத் திறந்துகொண்டு அதிகாரி அம்மா உள்ளே வந்தார்.

வரிசையை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். “என்ன சார், பையன்களுக்கும் பொட்டா?”

தணிகாசலம் சாருக்கு, எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் மனசு நிறைந்துவிடும். பயத்தில் வேறு இருந்தார். “யூனிபார்ம் மேடம்,” என்றார்.

அதிகாரி குனிந்து முதல் வரிசைப் பையனிடம் கேட்டார். “யாருப்பா வச்சுவிட்டாங்க?”

“டைரில இருந்துச்சு மிஸ். அந்த மிஸ்தான் ஒட்னாங்க,” என்று அவன் என்னைக் காட்டினான்.

ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து, ஆங்கிலத்தில்தான் கேட்டார். இதெல்லாம் என்ன, விளக்கிச் சொல் என்று. எனக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். முணுமுணுத்து வைத்த நான்கு வாக்கியத்தில் ஒன்றுகூட இல்லை. பிறகு தமிழில் ஆரம்பித்தேன். ஆரம்பித்ததும் நிறுத்தத் தெரியவில்லை. பொட்டு, ஆணை, போர்டு, லேபிள், நின்றுபோன கப்பல், எஸ்டேட், நாலாவது டேபிள், தமிழ் மீடியம், ரயில் தூக்கம் என்று கேட்காததையெல்லாம் சொல்லிவிட்டேன். வாசலில் நூர்ஜஹான் வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு நின்றாள். தணிகாசலம் சார் மேசை மேலிருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்டர் போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதிகாரி தன் பையிலிருந்து கோப்பை எடுத்தார். அலுவலகப் பிரதியைப் பிரித்து, மேசையிலிருந்த ஜெராக்ஸின் பக்கத்தில் வைத்தார்.

“எங்க காப்பியில அப்படி ஒண்ணும் இல்லையே சார்.”

நாங்கள் எட்டிப் பார்த்தோம். இல்லை. சில்ட்ரனுக்கும் எஸ்ஸுக்கும் நடுவே சுத்தமாக ஒன்றுமில்லை.

“இது ஜெராக்ஸ் மெஷின் தூசி. இங்க பாருங்க, ஓரத்துல ரெண்டு. கையெழுத்து மேல ஒண்ணு. எனக்கு முன்னால இந்தப் பதவியில இருந்தவர் பேருக்கு மீசைகூட வச்சிருக்கு. ஒரிஜினல்ல பாக்கலையா நீங்க?”

“பீரோல கீது மேடம். வெளிய எடுத்தா மங்கிடும்.”

அதிகாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஆனால் தணிகாசலம் சாரின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். ஆணையில் வால் இல்லை. பிள்ளைகள் உரித்துவிட்டதால் டைரியிலும் இல்லை. பொருளும் பேரும் ஒன்றாகிவிட்டன. பாக்கி போர்டு ஒன்றுதான். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

“ஏகாம்பரம், ஏணிய எடு. அந்தக் கொசுவ அடி.”

“சனிக்கெயமதான சார் ஒட்னேன்.”

“அடின்றேன்ல.”

அதிகாரி டீ குடித்து முடிப்பதற்குள் கொசு இறங்கிவிட்டது. அவர் உண்மையில் பார்க்க வந்தது தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறையும் தீயணைக்கும் மணல் வாளிகளும். மணல் வாளிகளில் நம்பர் போட்டிருந்தது அவருக்குப் பிடித்திருந்தது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்றச் சொன்னார். கிளம்பும்போது என் பக்கம் திரும்பி, “நீ சொன்னது சரிதாம்மா. சரியா எழுதணும்னா அது வேணும்தான். ஆனா ஆணையில இருக்கறதுதான் பேரு,” என்றார். அங்கீகாரம் அடுத்த மாதம் வந்தது.

அன்று சாயங்காலம் நான் பையை எடுத்துக்கொண்டு, சொல்லிவிட்டுப் போகலாம் என்று தணிகாசலம் சார் முன்னால் நின்றேன். என்னை நீக்குவதற்கு அவருக்கு வார்த்தை வரவில்லையென்றால் நானே எடுத்துக்கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

“சார், எனக்கு நெஜமாவே இங்கிலீஷ் அவ்வளவா வராது.”

“தெரியும்மா.”

“தெரியுமா?”

“வேல கேட்டு வர்றவங்க சர்ட்டிபிகேட்ட காட்டுவாங்க. நீ எங்க போர்ட காட்டுன. படிச்சத ஒப்பிக்க ஆயிரம் பேரு கெடப்பாங்க, ஐட்டத்த கண்ணால பாக்குற ஆளு கெடைக்கறது கஷ்டம். போ, நாளைக்கு எட்டரைக்கு வந்துடு.”

நூர்ஜஹான் கேட்டில் நின்றிருந்தாள். ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். ஷேர் ஆட்டோ வந்தது. ஏறி உட்கார்ந்ததும், “தள்ளி உக்காரு, நாலாவது டேபிள்,” என்றாள். எஸ்டேட்டில் கேட்கும்போது வலித்த அந்தப் பெயர் அவள் வாயில் அப்படி இனித்தது. கல்யாணமாகி ஆம்பூர் போகும்வரை அவள் எனக்கு வைத்த பெயர் அதுதான்.

ஆர்டர் மட்டும் வரவில்லை. ஜூனில் கேட்டேன், “எழுதித் தர்றேன்மா,” என்றார். அடுத்த ஜூனில், டைப் செய்யக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அதற்கடுத்த ஜூனில், நல்ல பேப்பர் வாங்கவேண்டும் என்றார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவர் எழுதிக்கொண்டே இருந்தார். அப்படிப் பதினோரு வருடம். அதற்குள் ஆங்கிலம் எனக்கு நன்றாகவே வந்துவிட்டது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து நானும் படித்துவிட்டேன். செம்பரம்பாக்கம் பக்கம் வயலெல்லாம் மனையாகி, பெரிய பெரிய பள்ளிகள் வந்தன. மஞ்சள் பேருந்துகள் எங்கள் தெரு முனையிலேயே வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போயின. எங்களிடம் இருநூறு நூறாகி, நூறு முப்பதாகியது. ஒரு ஏப்ரலில் இத்தோடு சரி என்றார் சார்.

கடைசி நாள் பெஞ்சுகளை வண்டியில் ஏற்றினார்கள். தணிகாசலம் சார் லெட்ஜரோடு நின்று நம்பர் பார்த்து ஒவ்வொன்றாக அனுப்பினார். எல்லாம் போன பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தார். நல்ல பேப்பர், தட்டச்சு, முத்திரை, கையெழுத்து. மேற்படிப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக நிரந்தரமாக நியமிக்கப்படுகிறார் என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது.

“இப்போ குடுத்து என்ன சார் பண்றது?”

“மொதல்லயே குடுத்திருந்தா, அத்த காட்டி பெரிய ஸ்கூலுக்குப் போயிருப்ப,” என்றார். “போவ வேணாம்னுதாம்மா வெச்சிகினேன். தப்புதான்.”

போயிருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். போயிருப்பேன். அவர் அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார். அந்த இடத்தில் இப்போது பொருட்களை அடுக்கிவைக்கும் கிடங்கு ஒன்று இருக்கிறது, வாசலில் லாரிகள் நிற்கின்றன. சாச்சாவின் கடையில் செல்போன் உறை விற்கிறார்கள். இப்போது அந்த வாலை யாரும் யாரிடமும் கேட்பதில்லை, செல்போனே போட்டுவிடுகிறது. ஆர்டர் என் பீரோவில் இருக்கிறது. அதன்படி பார்த்தால் நான் அங்கே இன்னும் வேலையில்தான் இருக்கிறேன். என்னை ரிலீவ் செய்யவேண்டியவர், செய்யாமலே போய்விட்டார்.